கருப்புத் தோலுக்கு கேன்சர் வராதாமே!

முன் எச்சரிக்கை: பதிவு நீளம். கொஞ்சம் கோபமும் உண்டு. டீ போட்டு எடுத்து வச்சுக்கிட்டு உட்காருங்க மக்களே.

மார்ச் 4 வந்தாலே எங்க ஓசூர் சிப்காட்டில் எல்லாக் கம்பெனி கேட்டிலும் பச்சைக் கொடி ஏறிடும். தேசிய பாதுகாப்பு தினம். ஒரு வாரத்துக்குக் கோலப் போட்டி, வாசகப் போட்டி, கையை நீட்டி உறுதிமொழி, கடைசி நாள் லட்டு. வருஷா வருஷம் நடக்கிற கூத்துதான். இந்த வருஷம் நான் வேலை பார்க்கிற இடத்தில் புதுசா ஒண்ணு சேர்த்தாங்க. வெளியிலிருந்து ஒருத்தரை வரவழைச்சு, மத்தியான ஷிப்ட் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கேன்டீன்ல "தோல் புற்றுநோய் விழிப்புணர்வு" பேச்சு.

பரவாயில்லையே, நல்ல விஷயமாச்சேன்னு முதல் வரிசையில போய் உட்கார்ந்தேன்.

முதல் படம்: கடற்கரையில் குப்புறப் படுத்திருக்கிற ஒரு வெள்ளைக்காரர். இரண்டாவது படம்: அவர் முதுகில் ஒரு மச்சம். மூணாவது படம்: சன்ஸ்க்ரீன் ட்யூப். அவ்வளவுதான், பேச்சே முடிஞ்சு போச்சு. பின்னாடி உட்கார்ந்திருந்த டர்னர் அண்ணன் ஒருத்தர் எழுந்து, "சார், நாங்கல்லாம் பொறக்கும்போதே கருகித்தான் பொறந்தோம். இனிமே எங்க சார் கருகறது?"ன்னார். கேன்டீனே சிரிச்சது. பேச வந்தவரும் சிரிச்சார். சிரிச்சுட்டு ஒண்ணு சொன்னார் பாருங்க, அதுக்குத்தான் இந்தப் பதிவு. "கரெக்ட்தான். நம்ம ஸ்கின்ல மெலனின் இருக்கு. நமக்கு இதெல்லாம் வராது. இருந்தாலும் சன்ஸ்க்ரீன் போட்டுக்கங்க."

ஆளுக்கொரு பாக்கெட் சன்ஸ்க்ரீன் குடுத்தாங்க. வாங்கிப் பையில் போட்டுக்கிட்டு எல்லாரும் லேத்துக்கும் மில்லிங் மெஷினுக்கும் திரும்பிப் போயிட்டாங்க. எனக்குத்தான் சிரிப்பு வரலை.

ஏன்னா எங்க சித்தப்பா செத்தது இந்த "நமக்கு வராது"லதான்.

சித்தப்பாவுக்கு தேன்கனிக்கோட்டை பக்கம் கிராமம். வெள்ளைக்காரன் முதுகுக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஓசூரில் ஒரு சின்ன ஷெட்டில் இருபது வருஷத்துக்கு மேல லேத் ஓட்டினவர். நல்ல கருப்பு. 2013 பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தப்ப இடது குதிகாலில் ஒரு கருப்புப் புள்ளி இருக்குன்னு காட்டினார். மிளகைவிடக் கொஞ்சம் பெருசு. "ஆணிடா, செருப்பு சேரலை"ன்னார். எங்க ஊர்ப்பக்கம் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் ஒரே தெருவுல புழங்கும். தமிழ்ல ஆணி, கன்னடத்திலயும் ஆணி, தெலுங்குல ஆனெ. மூணு பாஷையிலயும் ஒரே தப்பைச் சொல்ல எங்களுக்கு வசதியான ஊர் இது!

மெடிக்கல் ஷாப்பில் கார்ன் கேப் வாங்கிக் குடுத்தவன் நான்தான். ஒரு தடவை இல்லைங்க, மூணு தடவை. ஒட்டினா தோல் வெந்து உரியும், புள்ளி போகாது. அப்புறம் யாரோ சொன்னாங்கன்னு எருக்கம்பால் வச்சார். அப்புறம் அவரே பிளேடு எடுத்துச் சீவினார். ரத்தம் வந்துச்சு, நிக்கலை. டாக்டர்கிட்ட போனா, முதல் கேள்வி "சுகர் இருக்கா?" இருந்தது. அவ்வளவுதான், "சுகர் புண்"ணுன்னு முடிவாயிடுச்சு. நாலு மாசம் கட்டுப் போட்டு, ஆயின்மென்ட் போட்டு, மாத்திரை மாத்திப் பார்த்தாங்க. அந்தப் புண்ணிலிருந்து ஒரு துளி சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும்னு அந்த நாலு மாசத்தில் ஒருத்தருக்கும் தோணலை. எனக்கும் தோணலை.

தொடை இடுக்கில் நெறி கட்டினப்பறம்தான் பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போனோம். அங்கே காலைத் திருப்பிப் பார்த்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "ஏன் ஒரு வருஷம் லேட்டா வந்தீங்க?" பயாப்ஸி எடுத்தாங்க. மெலனோமா. நிணநீர்க் கட்டிக்குப் பரவியாச்சு.

ஊருக்குத் திரும்பி வரும்போது அத்திப்பள்ளி தாண்டினதும் சித்தப்பா என்னைப் பார்த்துக் கேட்டார். "ஏன்டா கண்ணு, இது வெயில்ல நிக்கிறவனுக்குத்தானே வரும்னு சொல்றாங்க? நான் ஷெட்டுக்குள்ளயேதானேடா இருந்தேன்?"

என்கிட்ட பதில் இல்லை. பதினாலு மாசத்தில் போய்ச் சேர்ந்துட்டார். பதில் எனக்குத் தெரிஞ்சது அதுக்கப்புறம் படிச்சுப் படிச்சுத்தான். அதைத்தான் இங்கே கொட்டப் போறேன். நான் டாக்டர் இல்லை, டூல் ரூம்காரன். ஆனா கார்ன் கேப் வாங்கிக் குடுத்த கை இது. அதனால பேச உரிமை உண்டுன்னு நினைக்கிறேன்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

மெலனின் ஒரு குடை. குடை உள்ளங்காலுக்குப் பிடிக்காது

பேச வந்தவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கு. அதை மறுக்க மாட்டேன். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மாதிரி வெயில் நாட்டில் குடியேறின வெள்ளைத்தோல்காரங்களுக்குத் தோல் புற்றுநோய் வர்ற அளவோடு ஒப்பிட்டா, நமக்கு வர்றது ரொம்பக் குறைவு. நம்ம தோலில் இருக்கிற மெலனின் வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கிற குடை. அதில் சந்தேகமே இல்லை.

ஆனா குறைவுன்னா "வராது"ன்னு அர்த்தமா? அதுவும் இல்லாம, வெயிலால் வர்றது மட்டும்தான் தோல் புற்றுநோயா? இங்கேதான் நம்மாளுங்க கோட்டை விடறாங்க. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி, இந்த இடங்களில் வர்ற மெலனோமாவுக்கும் வெயிலுக்கும் பெரிய தொடர்பே கிடையாது. வெள்ளைக்காரருக்கும் வரும், கருப்பருக்கும் வரும், நமக்கும் வரும். வெயிலால் வர்ற மெலனோமா நம்மகிட்ட குறைவுங்கறதால, நமக்கு வர்ற மெலனோமாவில் கால் பாதம்தான் முக்கியமான இடமாயிடுது. முதுகைக் காட்டி நம்மளை எச்சரிக்கிறது, ஓசூரில் திருடன் வந்தா கிருஷ்ணகிரியில் கதவைப் பூட்டற மாதிரி.

உதாரணம் வேணுமா? பாப் மார்லி. ஜமைக்காவின் ரெக்கே பாட்டுக்காரர். 1977-ல் அவர் கால் கட்டைவிரல் நகத்துக்கு அடியில் இருந்தது மெலனோமான்னு கண்டுபிடிச்சாங்க. அதுக்கு முன்னாடி வரைக்கும் ஃபுட்பால் ஆடும்போது பட்ட அடின்னுதான் நினைச்சுக்கிட்டிருந்தார். 1981 மே மாசம் செத்துப்போனார். வயசு 36. அவர் முகம் போட்ட டீ-சர்ட் பாகலூர் ரோடு பிளாட்பாரத்தில் இன்னைக்கும் தொங்குது. பசங்க போட்டுக்கிட்டு சுத்தறாங்க. அந்த ஆள் எதனால் செத்தார்னு கேட்டுப் பாருங்க, பத்துல ஒருத்தருக்குத் தெரிஞ்சா ஆச்சரியம்.

நம்ம நாட்டுச் சரக்கு தனி

இந்தியாவின் தோல் புற்றுநோய்க் கதை கடற்கரையில் நடக்கவே இல்லைங்க. காஷ்மீரில் குளிருக்கு நெருப்புச் சட்டியை அங்கிக்குள்ள கட்டிக்கிட்டு உட்காருவாங்க, காங்கிரின்னு பேரு. வருஷக்கணக்கா சூடு பட்டு வயித்திலும் தொடையிலும் புற்றுநோய் வரும். "காங்கிரி புற்றுநோய்"னு மருத்துவப் புத்தகத்திலேயே பேர் வாங்கியாச்சு. பம்பாயில் டாக்டர் கானோல்கரும் அவர் கூட வேலை பார்த்தவரும் 1945-லேயே வேட்டிக் கட்டு இறுக்கற இடுப்பில் வர்ற புற்றுநோயைப் பத்தி எழுதிட்டாங்க. 2024-ல் வார்தா, பீகார் பக்கத்து டாக்டர்கள் இரண்டு வயசான அம்மாக்களைப் பத்தி பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினாங்க. இடுப்புத் துணியை வருஷக்கணக்கா ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டினதில் புண்ணாகி, ஆறாம, புற்றாகிடுச்சு. அவங்க சொன்ன தீர்வு என்ன தெரியுமா? இறுக்காமத் தளர்த்திக் கட்டுங்க. செலவு சுத்தமா இல்லை.

இன்னொண்ணு, பழைய தீக்காயத் தழும்பு. தழும்பு ஆறி இருபது முப்பது வருஷம் கழிச்சு அதே இடத்தில் புண் கிளம்பி, ஆறாம, புற்றாகறது உண்டு. மார்ஜோலின் புண்ணுன்னு பேர். தொழுநோயில் உணர்ச்சி போன காலில் வருஷக்கணக்கா ஆறாம கிடக்கிற புண்ணிலும் இதே கதை நடக்கும். எங்க பகுதியில் ஸ்டவ் வெடிச்ச தழும்பு, ஃபவுண்டரியில் உலோகக் குழம்பு தெறிச்ச தழும்பு இல்லாத தெரு இல்லை. 2023 ஜூலையில் கிருஷ்ணகிரி பழையபேட்டை பட்டாசுக் குடோன் வெடிச்சது. அதே வருஷம் அக்டோபரில் எல்லைக்கு அந்தப்பக்கம் அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை எரிஞ்சு, வேலைக்குப் போன தமிழ்நாட்டுப் பசங்க செத்தாங்க. நிவாரணச் செக் போட்டோ எல்லாப் பேப்பரிலும் வந்தது. இந்த மாதிரி விபத்தில் தீக்காயத்தோட பிழைச்சவங்களுக்கு, "இந்தத் தழும்பை ஆயுசுக்கும் பார்த்துக்கிட்டே இருக்கணும்பா"ன்னு யாராவது சொல்லி அனுப்பறாங்களா?

பாக்கெட்டில் இருக்கிற பனியன் வேஸ்ட்

இப்ப எங்க தொழிலுக்கு வர்றேன். முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன்: சித்தப்பாவுக்கு வந்த கால் மெலனோமாவையும் அவர் ஓட்டின லேத்தையும் நான் முடிச்சுப் போடலை. அப்படி ஆதாரம் இல்லை. இது வேற புற்று, வேற கதை. ஆனா ஒரு லேத் ஷெட் நிறைஞ்ச ஊரில் தோல் புற்றுநோய் பேச வந்துட்டு எண்ணெயைப் பத்தி ஒரு வார்த்தை பேசாமப் போனாரே அந்த ஆளு, அது எப்படி?

1775-ல் லண்டனில் பெர்சிவல் பாட்னு ஒரு சர்ஜன் கவனிச்சார். புகைபோக்கி துடைக்கிற பசங்களுக்கு வளர்ந்தப்பறம் விதைப்பையில் புற்றுநோய் வருது, காரணம் புகைக்கரி. உலகத்தில் "இந்தத் தொழில், இந்தப் பொருள், இந்தப் புற்று"ன்னு முதல்முதலா முடிச்சுப் போட்டது அதுதான். அது என்ன புற்றுநோய்? தோல் புற்றுநோய்ங்க! தொழிலாளியின் புற்றுநோய் வரலாறே தோலில்தான் ஆரம்பிக்குது. அதுவும் வெயிலே படாத இடத்துத் தோலில்.

அப்புறம் லங்காஷயர் நூல் மில்கள். ஸ்பின்னிங் மெஷின் மேல குனிஞ்சு குனிஞ்சு வேலை பார்த்து, எண்ணெய் பேன்ட்டில் ஊறி, அதே இடத்தில் புற்று. கடைசியில் 1953-ல் சட்டம் போட்டாங்க: சுத்திகரிச்ச எண்ணெய்தான் ஊத்தணும், ஆறு மாசத்துக்கு ஒருதடவை தொழிலாளியை டாக்டர் பார்க்கணும். பர்மிங்காம் பக்கம் ஆட்டோமேட்டிக் லேத் செட்டர்களுக்கும் இதேதான் வந்தது. மெஷின் தெளிக்கிற எண்ணெய் ஒருபக்கம், எண்ணெய்த் துணியைப் பாக்கெட்டில் சொருகிக்கிற பழக்கம் இன்னொரு பக்கம்.

ஓசூரில் ஷெட் வேலை பார்த்தவங்க யாராவது இதைப் படிச்சா, ஒரு நிமிஷம் நிறுத்தி உங்க பேன்ட் பாக்கெட்டை நினைச்சுப் பாருங்க. வலது பாக்கெட்டில் என்ன இருக்கும்? பனியன் வேஸ்ட். எண்ணெயில் ஊறின பனியன் வேஸ்ட். காலையில் சொருகினா சாயந்திரம் வரைக்கும் தொடையோட ஒட்டிக்கிட்டு.

நியாயமாப் பேசணும்னா இன்னொண்ணும் சொல்லணும். இன்னைக்கு நல்ல கம்பெனிகள் வாங்கற நல்லா சுத்திகரிச்ச எண்ணெய் அந்தக் காலத்து எண்ணெய் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையும் சுத்திகரிக்காத, அரைகுறையாச் சுத்திகரிச்ச கனிம எண்ணெயைத்தான் புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியான முதல் பட்டியலில் வச்சிருக்கு. நல்லா சுத்திகரிச்சதை அந்தப் பட்டியலில் வைக்கலை. சரி. உங்க ஷெட்டில் இருக்கிற டிரம் எந்த வகை? லேபிள் இருக்கா? "லோக்கல் ஆயில்"னு பாதி விலைக்கு வந்து இறங்குதே, அது யார் சுத்திகரிச்சது? ஓடி ஓடிக் கருப்பான எண்ணெயை வடிகட்டித் திரும்ப ஊத்தறோமே, அதுக்குள்ள என்ன சேர்ந்திருக்கு? இதைத்தான் அந்தக் கேன்டீன் கூட்டத்தில் கேட்டிருக்கணும்.

வெல்டிங்கும் அப்படித்தான். ஆர்க்கில் இருந்து வர்றது அசல் புற ஊதாக் கதிர். வெல்டிங் புற ஊதாக் கதிரையும் வெல்டிங் புகையையும் அதே முகமை 2017-ல் கூடிப் பேசி முதல் பட்டியலில் சேர்த்தாச்சு. அந்தக் கதிர் கண்ணுக்குள்ளயே மெலனோமா உண்டாக்கும்னு ஆதாரத்தோட சொன்னாங்க. பேடரப்பள்ளி பக்கம் ரோட்டோரப் பட்டறையில் பசங்க கறுப்புக் கண்ணாடியைக்கூடப் போடாம, கையை நெற்றிக்குக் குடை பிடிச்சுக்கிட்டு வெல்டு வைக்கறாங்க.

தடுக்க முடியாத விஷயமா இது? புகைபோக்கித் தொழிலாளிக்கு என்ன மருந்து குடுத்தாங்க தெரியுமா? குளியல். டென்மார்க்கில் அந்தத் தொழில்காரங்க சங்கம் அந்தக் காலத்திலயே தினமும் குளிக்கச் சொல்லிடுச்சு. ஐரோப்பாவில் நல்ல உடுப்புப் போட்டு, தினம் குளிச்ச ஊர்களில் அந்தப் புற்று குறைவு. சோப்பு, தண்ணி, மாத்துத்துணி. நூத்தைம்பது இருநூறு வருஷத்துக்கு முந்தைய தொழில்நுட்பம். இங்கே நம்ம ஷெட்டில் கை கழுவ என்ன வைக்கறாங்க? மண்ணெண்ணெய், இல்லைன்னா தின்னர். ஏற்கெனவே வெந்த தோலை இன்னும் உரிச்சு எண்ணெய்க்குக் கதவைத் திறந்து விடறது. யூனிஃபார்மை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழந்தை துணியோட சேர்த்து ஊறப்போடறோம். ஆளுக்கு மாசம் இரண்டு சோப்பு தர்றதுக்கு யோசிக்கிற முதலாளி, பாதுகாப்பு வாரத்துக்கு லட்டு குடுக்கறார்!

சட்டத்தில் இருக்கு, சீட்டில் இல்லை

இதைப் படிச்சப்பதான் எனக்கு நிஜமாவே தூக்கிவாரிப் போட்டது. 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்தில் ஒரு பட்டியல் இருந்தது. நிர்வாகமும் டாக்டரும் அரசாங்கத்துக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியல். அதில் தோல் புற்றுநோய் இருந்தது. எண்ணெய் படறதால் வர்ற தோல் அழற்சியும் இருந்தது. தார், பிச்சு, கனிம எண்ணெயால் வர்ற தோல் புற்றுநோய்க்கு நஷ்டஈடு தரணும்னு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலும் இருந்தது. 2025 நவம்பர் 21-ல் பழைய சட்டங்களை மடிச்சு வச்சுட்டுப் புதுத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தப்பவும், தெரிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியல் தொடருது.

அதாவது எழுபது வருஷத்துக்கு மேலா நம்ம சட்டத்துக்குத் தெரியும், கருப்புத் தோலுக்கும் இது வரும்னு. கேன்டீனில் பேச வந்தவருக்குத்தான் தெரியலை.

ஆனா யார் தெரிவிக்கணும்? டாக்டர். டாக்டருக்கு எப்படித் தெரியும்? கேட்டாத்தானே! 1700-லேயே ராமசினின்னு ஒரு இத்தாலிய டாக்டர் புத்தகம் எழுதி வச்சுட்டுப் போனார்: நோயாளியைக் கேட்கிற கேள்விகளோட இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கங்க, "நீ என்ன தொழில் செய்யறே?" முன்னூறு வருஷமாச்சு. சித்தப்பாவின் சீட்டுகளை நான் இன்னும் வச்சிருக்கேன். ஒரு சீட்டில் தொழில்ங்கற இடம் காலி. இன்னொண்ணில் "கூலி". இருபது வருஷம் லேத் ஓட்டின மனுஷன், "கூலி". இப்படி எழுதினா எந்தப் பட்டியலில் எந்த நோய் ஏறும்? பட்டியலில் ஏறலைன்னா "பாருங்க, நம்ம ஊரில் வர்றதே இல்லை"ன்னு சொல்லலாம். சொல்றாங்க. எண்ணாதது இல்லாததா ஆயிடுது.

பத்துப் பேருக்குக் குறைவா வேலை பார்க்கிற ஷெட்டைப் பெரும்பாலும் இந்தச் சட்டம் எட்டியே பார்க்கறதில்லைங்கறது தனி வயித்தெரிச்சல். அதுக்கு இன்னொரு பதிவு போடணும்.

வெயிலையும் விட்டுடலை

அப்ப வெயில் ஒண்ணும் பண்ணாதான்னு கேட்டா, பண்ணும். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2023-ல் சேர்ந்து ஒரு கணக்கு வெளியிட்டாங்க. மெலனோமா அல்லாத தோல் புற்றுநோயில் சாகறவங்களில் கிட்டத்தட்ட மூணில் ஒருத்தர், வெயிலில் வேலை பார்த்ததால் சாகறார். 2019-ல் மட்டும் 183 நாடுகளில் ஏறத்தாழ 19,000 பேர். கிரானைட் குவாரியில், மாந்தோப்பில், ஹைவேயில் தார் போடற இடத்தில் நிக்கிற ஆளுக்கு இது பொருந்தும். ஓசூர் குளுகுளுன்னு இருக்கிறதால் வெயில் கம்மின்னு நினைக்காதீங்க. சூடு வேற, புற ஊதாக் கதிர் வேற. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கோம். ஆயிரம் மீட்டர் ஏறினா கதிர் பத்து சதவீதம் மாதிரி கூடும். தலைப்பா, முழுக்கைச் சட்டை, உச்சி வெயிலில் நிழல், இதெல்லாம் நம்ம தாத்தா காலத்துச் சன்ஸ்க்ரீன். அதுவே போதும் பெரும்பாலானவங்களுக்கு. பிறவியிலேயே நிறமி இல்லாம வெளுத்துப் பிறந்தவங்களுக்கு மட்டும் சன்ஸ்க்ரீன் அலங்காரம் இல்லை, மருந்து. கேன்டீனில் வீணாப்போன பாக்கெட்டெல்லாம் போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான்.

என்ன பாக்கணும்?

படிச்சு, கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதை நம்ம உடம்புக்கு ஏத்த மாதிரி எழுதறேன்.

1. உள்ளங்கால், குதிகால், விரலிடுக்கு, உள்ளங்கை. புதுசா வந்த, வளர்ற, கலங்கலான கருப்புப் புள்ளி. ரத்தம் கசியற "ஆணி". ஆணின்னு நினைச்சு வைத்தியம் பண்ணியும் இரண்டு மாசத்தில் போகலைன்னா அது ஆணின்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க.

2. நகம். நம்ம நிறத்துக்காரங்களுக்குப் பல நகத்தில் லேசான கருப்புக் கோடு இருக்கறது சகஜம், பதறாதீங்க. ஒரே ஒரு நகத்தில் புதுசா வந்து, நாளுக்கு நாள் அகலமாகி, நகத்தைத் தாண்டிச் சுத்துத் தோலும் கருத்தா உடனே போங்க.

3. முகம். மூக்கோரம், கண்ணோரம் பளபளன்னு கருப்பு முத்து மாதிரி வந்து, மெதுவா வளர்ந்து, நடுவில் புண்ணாகறது. மருன்னு நினைச்சுத் தலைமுடி கட்டறது, சுண்ணாம்பு வைக்கறது எல்லாத்தையும் நிறுத்துங்க.

4. பழைய தீக்காயத் தழும்பு, இடுப்பில் நாடா இறுக்கற இடம், எண்ணெய் படற கை, தொடை, தொடையிடுக்கு. கூச்சப்படாம எல்லாத்தையும் பாருங்க. ஆறாத புண், தடிச்சு உரியற மரு.

5. எங்கே இருந்தாலும் சரி, நாலு வாரத்தில் ஆறாத புண்ணுக்கு அஞ்சாவது வாரமும் ஆயின்மென்ட் எழுதினா, "சார், பயாப்ஸி எடுத்துப் பார்க்கலாமா?"ன்னு வாயைத் திறந்து கேளுங்க. சுகர் இருந்தாலும் கேளுங்க. சுகர் இருக்கறவங்க முக்கியமா கேளுங்க.

"கத்தி வச்சா பரவிடும்"னு எங்க அத்தை சொன்னாங்க. சித்தப்பா பயாப்ஸிக்கு மூணு வாரம் முரண்டு பிடிச்சது அதனாலதான். தோலில் பயாப்ஸிங்கறது மரத்துப்போக ஒரு ஊசி, மிளகளவு சதை, ஒரு தையல். அதனால புற்று பரவறது இல்லை. எடுக்காம விட்டாத்தான் பரவும். மெலனோமாவில் ஆழத்தை மில்லிமீட்டரில் அளக்கறாங்க. ஒரு மில்லிமீட்டருக்குள்ள இருந்தா வெட்டி எடுத்துட்டு வீட்டுக்குப் போற வாய்ப்பு ரொம்ப அதிகம். நாலு மில்லிமீட்டர் தாண்டினா கதையே வேற. நாங்க டூல் ரூமில் மைக்ரான் கணக்கு பார்க்கிற ஆளுங்க. ஒரு பின் இரண்டு மைக்ரான் கூடுதலா இருந்தா ரிஜெக்ட் பண்ணுவோம். வீட்டு மனுஷன் காலில் ஒரு வருஷம் வளர்ந்ததைக் கண்டுக்கலை.

"அரிதான நோய்க்கு எதுக்குய்யா இவ்வளவு ஆர்ப்பாட்டம், வாய்ப்புற்று அதைவிட எத்தனை மடங்கு அதிகம்"னு யாராவது கேட்பீங்க. நியாயமான கேள்வி. என் பதில்: இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் வேணாம், ரத்தம் வேணாம், மெஷின் வேணாம். கண்ணு போதும். இவ்வளவு சுலபமாப் பார்க்கக்கூடிய ஒண்ணைப் பார்க்காம சாகறதுதான் எனக்குத் தாங்கலை.

அரசாங்கத்துக்கும் புதுசா திட்டம் எதுவும் வேணாம். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் எங்க கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரி பக்கம் சாமனப்பள்ளியில்தான் ஆரம்பிச்சது. வீடு தேடி வந்து பிரஷரும் சுகரும் பார்க்கறாங்க, மாத்திரை குடுக்கறாங்க. நல்ல வேலை, மனசாரச் சொல்றேன். வர்ற அந்த அக்கா சுகர் பார்த்துட்டு, "காலைக் கொஞ்சம் திருப்புங்க"ன்னு ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னா போதும். சுகர்காரங்க காலை எப்படியும் பார்க்கணும்தானே? புண்ணும் தெரியும், புள்ளியும் தெரியும். 2013-ல் அப்படி ஒரு அக்கா சித்தப்பா வீட்டுக்கு வந்திருந்தா...

ஹ்ம்ம். விடுங்க.

பாதுகாப்பு வாரம் நடத்தற புண்ணியவான்களுக்கு ஒரே வேண்டுகோள். அடுத்த மார்ச்சில் அந்த வெள்ளைக்காரர் முதுகைத் தூக்கிப்போட்டுட்டு ஒரு கருத்த உள்ளங்கால் படத்தைப் போடுங்க. லட்டுக்குப் பதிலா சோப்பு குடுங்க. "நமக்கு வராது"ங்கற வார்த்தையை மட்டும் மைக்கில் சொல்லாதீங்க. அதைக் கேட்டுச் சிரிச்ச அந்தக் கூட்டத்தில் யாரோ ஒருத்தர் ஷூவுக்குள்ள ஒரு "ஆணி" இருக்கலாம்.

பதிவுலக மக்களே, இன்னைக்கு ராத்திரி கை கால் கழுவினதும் ஒரு ரெண்டு நிமிஷம். முதல்ல உங்க காலைத் திருப்பிப் பாருங்க. அப்புறம் வீட்டில் பெரியவங்க காலைப் பாருங்க. "என்னடா புதுசா காலைப் பிடிக்கறே"ன்னு கிண்டல் பண்ணுவாங்க. பண்ணட்டும்.

பி.கு. 1: சன்ஸ்க்ரீன் பாக்கெட் இன்னும் என் பையில்தான் இருக்கு. உள்ளங்காலில் தடவிக்கலாமான்னு அந்தப் பேச்சாளரைக் கேட்கணும்.

பி.கு. 2: பனியன் வேஸ்ட்டை மறுநாளே பாக்கெட்டிலிருந்து எடுத்து மெஷின் பக்கத்தில் ஒரு டப்பா வச்சுப் போட்டாச்சு. பக்கத்து மெஷின் அண்ணன் என்னைப் பார்த்துச் சிரிச்சார். ஒரு வாரம் கழிச்சு அவர் மெஷின்கிட்டயும் ஒரு டப்பா இருந்தது.